மலையைக் குடைந்தவரும் நம்ம ஊர்க் குழாயும்

(கர்னல் ஜான் பென்னிகுயிக்கின் வாழ்க்கை)

சங்க மலருக்கு இந்த வருஷம் ஒரு கட்டுரை தரணும், அதுவும் உங்க ஊர்ப் பக்கத்து விஷயமா இருந்தா நல்லது என்று செயலாளர் போன் செய்து சொன்னபோது நான் அதிகம் யோசிக்கவில்லை. தேவாரத்துக்காரனை எதைப் பற்றி எழுதச் சொன்னாலும் கடைசியில் தண்ணீரில்தான் வந்து நிற்பான். விடுதியில் என்னோடு தங்கியிருந்த நண்பர்களுக்கு இது ஞாபகம் இருக்கும். குழாயைத் திறந்துவிட்டபடி பல் விளக்குகிறவனைக் கண்டால் நான் போய் மூடிவிட்டு வருவேன். அதுக்காகவே எனக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தீர்கள். அதை மட்டும் இங்கே எழுத மாட்டேன்!

எங்கள் ஊர் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு நேர் கீழே இருக்கிறது. மேலே ஏலக்காய்த் தோட்டங்கள். விடியற்காலையில் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி மலைக்கு வேலைக்குப் போய், பொழுது சாய வீடு திரும்பும் சனங்கள் எங்கள் பக்கம் அதிகம். மழைக்காலத்தில் மலை முழுக்க வெள்ளிக்கோடு இழுத்த மாதிரி ஓடைகள் இறங்கும். சித்திரையில் போய்ப் பார்த்தால் வெறும் பாறைதான். மலைக்கு அந்தப் பக்கம் கொட்டோ கொட்டென்று கொட்டும். இந்தப் பக்கம் மழை மறைவுப் பிரதேசம். நாங்கள் மேகத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்போம்.

எனக்கு மூத்தவளாக ஓர் அக்கா இருந்தாள். நான் பிறப்பதற்கு முன்பே, வாந்திபேதி பரவிய ஒரு வருஷத்தில், மூன்றே நாளில் போய்விட்டாளாம். கிணத்துத் தண்ணிதான் பிள்ளையைக் கொண்டுபோச்சு என்று அப்பத்தா சாகிற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்துச்சு. அந்த அக்காவின் முகம் எனக்குத் தெரியாது. ஒரு போட்டோகூட கிடையாது. ஆனால் எங்கள் வீட்டில் தண்ணீரைக் காய்ச்சாமல் யாரும் குடித்ததில்லை.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், எங்கள் மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு படம் மாட்டி வைத்திருக்கும் ஒரு வெள்ளைக்காரரைப் பற்றி எழுதப் போகிறேன். அவரைப் பாசனத்துக்காகத்தான் எல்லோரும் கும்பிடுகிறார்கள். குடிக்கிற தண்ணீருக்கும் அவருக்கும் உள்ள சம்பந்தத்தை அவ்வளவாக யாரும் எழுதுவதில்லை. அதை எழுதலாமே என்று தோன்றியது.

தகப்பனை இழந்த பையன்

ஜான் பென்னிகுயிக் 1841-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் தேதி புனாவில் பிறந்தார். ஆமாம், நம்ம பொங்கல் நாளை ஒட்டித்தான்! தகப்பனாரின் பெயரும் ஜான் பென்னிகுயிக்தான். அவர் ராணுவத்தில் பிரிகேடியர். 1849 ஜனவரி 13-ஆம் தேதி, இன்று பாகிஸ்தானில் இருக்கும் சிலியன்வாலா என்ற இடத்தில், சீக்கியப் படைக்கும் ஆங்கிலேயப் படைக்கும் பெரும் சண்டை நடந்தது. அதில் அந்தத் தகப்பனார் இறந்துபோனார். அதே நாளில், அதே களத்தில், மூத்த மகன் அலெக்சாண்டரும் இறந்தான். அவனுக்கு வயது 17. இரண்டு நாள் கழித்து எட்டு வயது நிரம்பப்போகும் நம் பென்னிகுயிக்குக்கு அப்பாவும் இல்லை, அண்ணனும் இல்லை என்றாகிவிட்டது.

இங்கிலாந்தில் செல்டன்ஹாம் கல்லூரியிலும், பிறகு கிழக்கிந்தியக் கம்பெனி நடத்திய அடிஸ்கோம்ப் ராணுவக் கல்லூரியிலும் படித்தார். 1858 டிசம்பரில் சென்னைப் பொறியாளர் படையில் அதிகாரியானார். 1860-ல் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தார். அவர் படித்த அந்த அடிஸ்கோம்ப் கல்லூரியை 1861-ல் மூடிவிட்டார்கள். நம்மைப்போல வருஷா வருஷம் கூடுவதற்குக் கல்லூரிகூட இல்லாத பழைய மாணவர் அவர்!

1868-ல் அபிசீனியா போருக்குப் போய்வந்தார். மற்றபடி அவருடைய உத்தியோக காலம் பெரும்பாலும் சென்னை மாகாணத்துப் பொதுப்பணித் துறையில்தான் கழிந்தது. 1879-ல் கிரேஸ் ஜார்ஜியானா சாமியர் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். ஐந்து பெண் பிள்ளைகள், ஓர் ஆண் பிள்ளை. கிரிக்கெட் என்றால் உயிர் என்பார்கள்.

நூறு வருஷத்துக் கனவு

பெரியாறு மேற்கே ஓடிக் கேரளக் கடலில் கலக்கிற ஆறு. வைகை கிழக்கே ஓடுகிற ஆறு. அதில் தண்ணீர் இருந்தால் அதிசயம். இரண்டுக்கும் நடுவில் ஒரு மலை முதுகு. அந்த முதுகைக் குடைந்து மேற்கே போகிற தண்ணீரைக் கிழக்கே திருப்பிவிட்டால் என்ன? இந்த யோசனை வெள்ளைக்காரர்களுக்கு முதலில் வந்ததல்ல. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை இதை ஆராய்ந்து பார்த்தார். செலவு தாங்காது என்று கைவிட வேண்டியதாயிற்று. 1808-ல் கேப்டன் கால்டுவெல் என்பவர் பார்த்துவிட்டு இது நடக்காத காரியம் என்று எழுதிவைத்தார். 1850-ல் சின்ன அளவில் ஒரு வேலை தொடங்கிக் காய்ச்சலுக்குப் பயந்து நிறுத்தினார்கள். 1860-களில் மேஜர் ரைவ்ஸ் ஒரு மண் அணைத் திட்டம் போட்டார். காகிதம் நிறைய சேர்ந்தது, தண்ணீர்தான் வரவில்லை.

பிறகு வந்தது 1876-78 தாது வருஷப் பஞ்சம். மதுரைச் சீமையில் சனங்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். பசியால் செத்தவர் பாதி என்றால், கிடைத்த குட்டையில் கிடைத்த தண்ணீரைக் குடித்துப் பேதியில் செத்தவரும் ஏராளம். பஞ்சம் வந்தால் முதலில் வற்றுவது நல்ல தண்ணீர்தானே! அதற்குப் பிறகுதான் அரசாங்கத்துக்குச் சுரணை வந்தது. 1882-ல் பெரியாற்றுத் திட்டத்தைத் திருத்தி எழுதும் பொறுப்பு பென்னிகுயிக்கிடம் வந்தது.

அவர் மண் அணையை ஒதுக்கிவிட்டார். சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்த்த காரையில் கருங்கல் கட்டி, தன் கனத்தாலேயே வெள்ளத்தைத் தாங்கி நிற்கும் அணைக்குத் திட்டம் போட்டார். தேங்குகிற தண்ணீர் வடக்குப் பக்கம் தேக்கடி வரை ஏறி வரும். அங்கே ஒரு வெட்டுவாய்க்கால், அதற்கப்புறம் மலையைக் குடைந்து 5,704 அடி நீளத்துக்குச் சுரங்கம். சுரங்கத்தைத் தாண்டிவிட்டால் தண்ணீர் தானாகவே கம்பம் பள்ளத்தாக்கில் விழுந்துவிடும். பம்பு வேண்டாம், டீசல் வேண்டாம், கரண்ட் வேண்டாம்.

1886 அக்டோபர் 29-ஆம் தேதி திருவிதாங்கூர் மகாராஜாவுடன் ஒப்பந்தம் ஆயிற்று. 8,000 ஏக்கர், ஏக்கருக்கு வருஷம் 5 ரூபாய் வாடகை, 999 வருஷக் குத்தகை. 1887-ல் வேலை தொடங்கியது.

காட்டில் எட்டு வருஷம்

இன்று தேக்கடிக்குச் சுற்றுலா போகிறவர்களுக்கு அந்த இடத்தின் அருமை தெரியாது. அன்று அது கடல்மட்டத்துக்கு மேலே சுமார் 3,000 அடியில், ரோடு இல்லாத காடு. பக்கத்து ரயில் நிலையம் என்றால் அம்மையநாயக்கனூர், அதாவது இன்றைய கொடைக்கானல் ரோடு. அங்கேயிருந்து கம்பம், கூடலூர் வரை மாட்டுவண்டி. அதற்கு மேலே கம்பி வழியாகவும், ஆற்றில் படகு விட்டும் சாமான் கொண்டுபோனார்கள். யானை, புலி பயம் ஒரு பக்கம். சென்னைப் பயனீர் படையின் 1-வது, 4-வது பட்டாளத்துச் சிப்பாய்களும், கொச்சியிலிருந்து வந்த போர்த்துகீசியத் தச்சர்களும், கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும் மதுரைப் பக்கத்திலிருந்தும் போன கூலியாட்களும் சேர்ந்து செய்த வேலை அது.

ஓடுகிற ஆற்றின் நடுவே அஸ்திவாரம் போட வேண்டும். அதற்கு முதலில் தற்காலிகத் தடுப்பணை கட்டி ஆற்றை ஒதுக்க வேண்டும். கட்டுவார்கள், வெள்ளம் வந்து அடித்துக்கொண்டு போகும். மறுபடி கட்டுவார்கள், மறுபடி போகும். ஒரு தடவை இல்லை, பல தடவை இப்படி நடந்தது. மேலிடத்தில் எத்தனை பேர் கைவிட்டுவிடலாம் என்று நினைத்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அரசாங்கம் பணம் தர மறுத்தது, பென்னிகுயிக் இங்கிலாந்து போய்த் தன் சொத்தையும் மனைவியின் நகையையும் விற்றுப் பணம் கொண்டுவந்து அணையை முடித்தார் என்று எங்கள் ஊர்களில் சொல்லாதவர் இல்லை. நானும் சின்ன வயசில் அப்படித்தான் கேட்டேன், மேடையில் பேசியும் இருக்கிறேன். ஆனால் அதற்கு உறுதியான ஆவணம் இதுவரை வெளிவரவில்லை. அரசாங்கச் செலவில் கட்டப்பட்ட அணை என்பதுதான் ஏடுகளில் இருப்பது. அதனால் அவர் பெருமை குறைந்துவிடுமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அடித்துக்கொண்டு போன அணையை மறுபடி மறுபடி கட்டியது பொய்யில்லை. காய்ச்சல் காட்டில் ஆட்களோடு கிடந்தது பொய்யில்லை. அதுவே போதும்.

காய்ச்சல்! அதுதான் உண்மையான எதிரி. மலேரியாவும் காலராவும் முகாமை வாட்டி எடுத்தன. நோயால் அங்கே இறந்தவர்கள் 483 பேர் என்று திட்டத்தின் வரலாறு சொல்கிறது. அணைக்குப் பக்கத்திலேயே அவர்களைப் புதைத்தார்கள். கோடைக்காய்ச்சல் காலத்தில் வேலையை நிறுத்திவிட்டு எல்லோரும் கீழே இறங்கிவிட வேண்டியிருந்தது.

இதில் ஒரு பரிதாபம் பாருங்கள். மலேரியா எப்படி வருகிறது என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. கெட்ட காற்று, காட்டு ஓடைத் தண்ணீர் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். கொசுதான் காரணம் என்று ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கண்டுபிடித்தது 1897-ல். அணை முடிந்து இரண்டு வருஷம் கழித்து! காலராக் கிருமியை ராபர்ட் கோச் 1883-84-ல் எகிப்திலும் கல்கத்தாவிலும் கண்டறிந்திருந்தார். ஆனால் அந்தச் செய்தி காட்டு முகாமில் குடிதண்ணீர் பிடிக்கிறவன் காதுக்குப் போய்ச் சேர எத்தனையோ காலம் ஆயிற்று. லட்சோப லட்சம் பேருக்குத் தண்ணீர் கொடுக்கப் போனவர்கள், தங்களுக்கு நல்ல தண்ணீர் இல்லாமல் செத்தார்கள்.

1895 அக்டோபரில் சென்னை கவர்னர் வென்லாக் பிரபு அணையைத் திறந்துவைத்தார். 176 அடி உயரம், 1,200 அடி நீளம். அந்த வருஷமே பென்னிகுயிக்குக்கு சி.எஸ்.ஐ. பட்டம் கிடைத்தது.

கடைசிக் காலம்

மறு வருஷம் ஊர் திரும்பினார். இந்தியாவுக்குப் பொறியாளர்களைத் தயார் செய்த கூப்பர்ஸ் ஹில் கல்லூரிக்கு 1896 முதல் 1899 வரை தலைவராக இருந்தார். 1897-ல் லண்டன் சிவில் எஞ்சினியர்கள் கழகத்தின் நடவடிக்கைக் குறிப்பில் பெரியாற்றைத் திருப்பிய விவரத்தைக் கட்டுரையாக எழுதினார். பிறகு ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் ஆற்று வெள்ளத்தைத் தடுப்பது எப்படி என்று யோசனை சொல்லப் போய்வந்தார். 1911 மார்ச் 9-ஆம் தேதி இங்கிலாந்தில் கேம்பர்லியில் காலமானார். அவர் தலைவராக இருந்த கூப்பர்ஸ் ஹில் கல்லூரியும் அதற்கு முன்பே, 1906-ல் மூடப்பட்டுவிட்டது. படித்த கல்லூரியும் இல்லை, நடத்திய கல்லூரியும் இல்லை. கட்டிய அணை மட்டும் இருக்கிறது.

லோயர்கேம்பில் 2013 ஜனவரி 15-ஆம் தேதி அவருக்கு மணிமண்டபம் திறந்தார்கள். தேனி பஸ் நிலையத்துக்கு அவர் பெயர். 2022-ல் அவர் கடைசியாக வாழ்ந்த கேம்பர்லியிலும் தமிழ்நாட்டு அரசு சிலை வைத்தது. இதெல்லாம் அரசாங்கம் செய்தது. சனங்கள் செய்வது வேறே. பிள்ளைக்குப் பென்னிகுயிக் என்று பெயர் வைக்கிறார்கள், அவர் பிறந்த நாளில் பொங்கல் வைக்கிறார்கள்.

அணையிலிருந்து குடம் வரை

அணை கட்டிய நோக்கம் பாசனம். 1886 ஒப்பந்தத்தில் பேச்செல்லாம் அதுதான். கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் அந்தத் தண்ணீரில் விளைகிறது. ஆனால் வற்றாமல் ஓடுகிற ஆறு ஒன்று பக்கத்தில் வந்துவிட்டால் ஊர் சும்மா இருக்குமா? கூடலூர், கம்பம், சின்னமனூர், தேனி என்று ஆற்றங்கரை ஊர்களெல்லாம் காலப்போக்கில் குடிநீருக்கும் அதையே நம்பின. லோயர்கேம்பிலிருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. தேனி நகரத்துக்குப் பழனிசெட்டிபட்டியில் ஆற்றுத் தண்ணீரை எடுத்து ஏற்றுகிறார்கள். ஆறு வைகையில் கலந்து, 1959-ல் கட்டிய வைகை அணையில் தேங்கி, மதுரைக்கும் குடிநீராகப் போகிறது. லோயர்கேம்பிலிருந்தே மதுரைக்கு நேராகக் குழாய் பதிக்கும் திட்டத்தை அரசு எடுத்தபோது, ஆறு வறண்டுவிடுமோ என்று எங்கள் மாவட்டத்து விவசாயிகள் போராடினார்கள்.

போடிக்கு மட்டும் சொந்தமாகக் கொட்டகுடி ஆறு இருக்கிறது. குரங்கணி மலையிலிருந்து இறங்குகிற ஆறு. போடி நண்பர்கள் அந்தத் தண்ணீரின் ருசியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்கள். ஆனால் கோடையில் அதுவும் சுருங்கிவிடும். எங்கள் தேவாரத்துக்கு 18-ஆம் கால்வாய் வழியாக முல்லைப் பெரியாற்று உபரித் தண்ணீர் வந்து கண்மாயில் சேர்ந்தால்தான் கிணறுகளுக்கு ஊற்று. கண்மாய் நிறைந்த வருஷம் கிணற்றுத் தண்ணீரின் உப்பு குறைவது நாக்குக்கே தெரியும்.

பாசனம் நிறுத்திய மாதங்களிலும் தேனி மாவட்டத்துக் குடிநீருக்கென்று அணையிலிருந்து வினாடிக்கு 100 கன அடி திறந்துவிடுவது வழக்கம். பேப்பரில் ஒரு மூலையில் இந்தச் செய்தி வரும், யாரும் கவனிக்க மாட்டார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்குச் சுமார் 24 கோடி லிட்டர்! பாதாளச் சாக்கடை உள்ள நகரத்தில் ஆளுக்கு நாள் ஒன்றுக்கு 135 லிட்டர் என்பது அரசு விதி. அந்தக் கணக்கில் 18 லட்சம் பேருக்குப் போதும். வழியில் மண்ணும் வெயிலும் தோட்டத்து மோட்டார்களும் எடுத்துக்கொள்வது போகத்தான் மிச்சம் என்பது வேறு விஷயம். அணையில் நீர்மட்டம் 104 அடிக்குக் கீழே போய்விட்டால் இந்தத் தண்ணீரும் வராது.

இந்த அணைக்குக் கீழே கேரளத்தில் வாழ்கிற சனங்களுக்குப் பயம் இருக்கிறது. அதையும் நாம் மறந்துவிடக் கூடாது. 1979-ல் நீர்மட்டத்தை 136 அடிக்குக் குறைத்து, அணைக்குப் பின்னால் கான்கிரீட் முட்டுக் கொடுத்துப் பலப்படுத்தினார்கள். 2014 மே 7-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்று தீர்ப்பளித்தது. அவர்களுக்கும் பயமில்லாமல், நமக்கும் தாகமில்லாமல் ஒரு வழி வர வேண்டும் என்பதுதான் என் ஆசை.

தண்ணீர் வந்தால் போதுமா?

இனிமேல்தான் நான் சொல்ல வந்த விஷயம். ஆற்றில் ஓடுவது தண்ணீர். குடிநீர் வேறு. ஒன்றை மற்றொன்றாக மாற்றுவது ஒரு தனி வேலை. சின்ன நகரம் ஒன்றில் அது எப்படி நடக்கிறது தெரியுமா?

ஆற்று மணலில் உறைகிணறு இறக்கித் தண்ணீர் எடுத்தால் மணலே பாதி வடிகட்டிக் கொடுத்துவிடும். நேரடியாக ஆற்றிலிருந்தோ அணையிலிருந்தோ எடுத்தால் படிகாரம் போட்டுக் கலக்கித் தெளிய வைத்து, மணல் வடிகட்டியில் விட வேண்டும். பார்த்தால் பளிங்கு மாதிரி இருக்கும். ஆனால் கிருமி கண்ணுக்குத் தெரியாதே! அதனால் குளோரின் வாயு, அல்லது ப்ளீச்சிங் பவுடர். கலந்து அரை மணி நேரமாவது விட வேண்டும். பிறகு டேங்கில் ஏற்றித் தெருவுக்குத் தெரு வால்வு திறந்துவிட வேண்டும். கடைசி வீட்டுக் குழாயில் பிடிக்கும்போதும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். அது இருந்தால்தான் வழியில் புகுந்த கிருமியும் செத்திருக்கிறது என்று அர்த்தம். மருந்து வாடை அடிக்கிறது என்று நாம் முகம் சுளிக்கிறோமே, அந்த வாடைதான் காவல்காரன்.

ஊர் முழுக்கக் குடிக்கிற தண்ணீரில் தொடர்ந்து குளோரின் கலக்கும் வழக்கத்தை அமெரிக்காவில் ஜெர்சி சிட்டியில் 1908-ல்தான் தொடங்கினார்கள். பென்னிகுயிக் சாவதற்கு மூன்று வருஷம் முன்பு. அதாவது அவர் கட்டிய காலத்தில் ஒரு எஞ்சினியரால் நிறையத் தண்ணீர் தர முடியும், பயமில்லாத தண்ணீர் தர முடியாது. இன்றைக்கு நமக்கு இரண்டும் முடியும். அப்படியும் ஏன் மஞ்சள் காமாலையும் வயிற்றுப்போக்கும் வருகின்றன?

காரணம் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. எங்கள் பக்கத்து ஊர்களின் சாக்கடை அதே ஆற்றில்தான் இறங்குகிறது. மேல் ஊர்க்காரன் கழுவிவிட்டதைக் கீழ் ஊர்க்காரன் எடுத்துச் சுத்தம் செய்கிறான். அடுத்தது, நாள் விட்டு நாள் தண்ணீர் விடுகிற முறை. குழாயில் தண்ணீர் இல்லாத நேரத்தில் உள்ளே அழுத்தம் இருக்காது. சாக்கடைக்குப் பக்கத்தில் குழாய் விரிசல் விட்டிருந்தால் அழுக்கு உள்ளே இழுத்துக்கொள்ளும். நாமும் விடுகிறோமா? வீட்டுக்கு வீடு மோட்டார் வைத்து உறிஞ்சுகிறோம். சாக்கடைத் தண்ணியையும் சேர்த்து நாமே காசு கொடுத்து இழுக்கிறோம்! அப்புறம் ப்ளீச்சிங் பவுடர். மூட்டையைப் பிரித்துப் போட்டுவைத்தால் நாளாக நாளாக வீரியம் போய்விடும். வெள்ளையாக இருக்கிறது என்பதற்காக அது மருந்து ஆகிவிடாது. டேங்கைக் கழுவினால் தேதியை எழுதிவைக்கும் வழக்கம் உண்டு. அந்தத் தேதியை நின்று படித்த முன்னாள் மாணவர்கள் எத்தனை பேர்?

கேன் தண்ணி வாங்குகிறோமே என்பார்கள் சிலர். வாங்குகிறவர்கள் வாங்குங்கள். ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போகிற சனம் கேன் வாங்கிக் கட்டுமா? அவர்களுக்குத் தெருக்குழாய்தான்.

என் ஆய்வுக்கூட நாட்கள்

இரண்டாம் ஆண்டு வேதியியல் செய்முறையில் தண்ணீரின் கடினத்தன்மை கண்டுபிடிக்கும் பயிற்சி ஒன்று இருந்தது. இ.டி.டி.ஏ. கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட, ஒயின் சிவப்பு நிறம் மாறி நீலமாக ஆகும். ஆய்வுக்கூடத்துக் குழாய்த் தண்ணீரில் செய்தால் போதும். நான் பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போய்விட்டு, வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுவந்தேன். ப்யூரெட் காலியாகியும் நிறம் மாறவில்லை. மறுபடி நிரப்ப வேண்டியிருந்தது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எங்கள் பேராசிரியர் மட்டும் சிரிக்கவில்லை. இதைக் குடித்துத்தான் வளர்ந்தாயா என்று கேட்டுவிட்டு, அன்று மாலை என்னைத் தனியே இருக்கச் சொல்லி, குளோரைடு, நைட்ரேட்டு எல்லாம் எப்படிப் பார்ப்பது என்று சொல்லிக் கொடுத்தார். படிப்பு எதுக்கு என்று எனக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான்.

ஊருக்குப் போய் அப்பத்தாவிடம் சொன்னேன். இது உப்புத் தண்ணிதான், ஆளைக் கொல்லாது, அக்காவைக் கொண்டுபோனது இந்த உப்பு இல்லை, கண்ணுக்குத் தெரியாத கிருமி, ஒரு பிடி பவுடர் போட்டிருந்தால் போயிருக்கும் என்று விளக்கினேன். புத்திசாலித்தனமாகச் சொல்லிவிட்டதாக நினைப்பு எனக்கு. அப்பத்தா ரொம்ப நேரம் பேசவே இல்லை. ஒரு பிடிதானா என்று மட்டும் கேட்டுச்சு. அதற்கு நான் பதில் சொல்லவில்லை. இன்று வரை பதில் தெரியவும் இல்லை.

நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்

மலையைக் குடைந்து ஒருவர் தண்ணீரைக் கொண்டுவந்து நம் ஊர் வாசலில் விட்டுப் போய்விட்டார். அவர் படத்துக்கு மாலை போடுகிறோம், நல்ல காரியம்தான். அதோடு நம்மால் முடிந்த சின்ன வேலை ஒன்றையும் செய்தால் என்ன?

இந்த வருஷக் கூட்டத்துக்கு வரும்போது உங்கள் வீட்டுத் தண்ணீரை ஒரு சுத்தமான பாட்டிலில், ஒரு லிட்டர் பிடித்துக்கொண்டு வாருங்கள். ஊர், தெரு, குழாயா கிணறா என்று ஒரு சீட்டு ஒட்டிவிடுங்கள். நம் வேதியியல் துறைப் பிள்ளைகள் கடினத்தன்மை, உப்பு, நைட்ரேட்டு பார்த்துச் சொல்வதற்குத் துறைத் தலைவரிடம் பேசி ஒப்புதல் வாங்கியிருக்கிறேன். குளோரினை மட்டும் பாட்டிலில் கொண்டுவந்து பார்க்க முடியாது, வழியிலேயே பறந்துவிடும். குழாயடியிலேயே பார்க்க வேண்டும். அதற்குச் சொட்டு மருந்து விட்டு நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கிற சின்னப் பெட்டி கிடைக்கிறது. சங்கம் சில பெட்டிகள் வாங்கி, ஊருக்கு ஒரு முன்னாள் மாணவரிடம் கொடுத்தால், வாரம் ஒரு தடவை கடைசித் தெருக் குழாயில் பார்த்து ஒரு நோட்டில் எழுதிவைக்கலாம். குறைந்தால் நகராட்சியிலோ பேரூராட்சியிலோ போய் மரியாதையாகச் சொல்லலாம். சண்டை வேண்டாம், நோட்டைக் காட்டினால் போதும்.

தேவாரத்துக்கு அந்த நோட்டை நான் வைத்துக்கொள்கிறேன். போடி, கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் நண்பர்கள் யார் யார் என்று செயலாளரிடம் பெயர் கொடுங்கள். கூட்டத்தில் பார்ப்போம். பாட்டிலை மறந்துவிடாதீர்கள்!